குடும்பமாக வெளிநாடு வெளிக்கிடுகிறவர்களுக்கு: சாமியை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது

ஏ9 வீதியால் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் ஒரு நிமிடமாவது நிற்கும். இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் சரை ஒன்று வாங்கிக்கொண்டு ஏறினால்தான் எங்கள் சனத்துக்குப் பயணம் தொடங்கும். முல்லைத்தீவிலிருந்து ஏ34 வீதியால் வருகிறவர்களுக்கு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர். மடுப் பக்கம் என்றால் மடு மாதா. வழியில் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பது வன்னியில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டினால் முறிகண்டி இல்லை. முதல்முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்கு, அங்கேதான் தடுமாற்றம் வருகிறது. நாங்கள் இரண்டு முறை போய் வந்தோம். ஒன்று தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரை, மற்றது ஜெர்மனியில் இருக்கும் என் அண்ணா வீட்டுக்கு. நான், கணவர், பதினான்கு வயது மகள், எட்டு வயது மகன், எழுபத்தொரு வயது மாமி. யாத்திரைக்கு என் தங்கையின் குடும்பமும் வந்தது. அவள் கலியாணம் செய்தது முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில். ஆகவே ஒரே வாகனத்தில் தேவாரமும் செபமாலையும் போயின. அந்தப் பயணங்களில் படித்ததை எழுதுகிறேன்.

முதலில் கடுதாசி, பிறகு நேர்த்தி

எங்கள் ஊரில் விசா என்றவுடன் முதல் வேலை நேர்த்தி வைப்பது. நான் அதை மாற்றிச் செய்யச் சொல்வேன். ஐந்து பேரின் கடவுச்சீட்டையும் எடுத்து, பயணத் திகதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவருகிறதா என்று பாருங்கள். சண்டைக் காலத்தில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டுப் பிறகு எடுத்தவர்கள் எங்களில் நிறையப் பேர். தகப்பன் பெயர் ஒன்றில் ஒருமாதிரியும் மற்றதில் வேறுமாதிரியும் இருக்கும். அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். கடவுச்சீட்டு அலுவல்களுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருப்பதால், எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

எங்கள் முதல் விசா விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பிழை எங்களுடையது. காலபோக நெல் விற்ற காசு எப்போதும் கையில்தான் இருந்தது, வங்கிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. வருமானம் இருக்கிறது என்று கடுதாசியில் எப்படித் தெரியும்? ஆனால் அன்று வீட்டில் நடந்த கதை வேறு. “அம்மாளுக்கு வைத்த நேர்த்தி பலிக்கேல்லை” என்று மாமி அழுதார். மகன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பிள்ளையின் மனதில் சாமி என்பது விசா தரும் ஆள் என்று பதிந்துவிடக்கூடாது. அன்றிரவு அவனுக்கு வங்கிப் புத்தகத்தைக் காட்டி, எது குறைந்தது என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருடம் காசை ஒழுங்காக வங்கியில் போட்டு எடுத்தோம். அடுத்த முறை கிடைத்தது. ஐரோப்பிய செங்கன் விசாவுக்குப் பயண மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதை மலிவுப் பார்த்து விடாதீர்கள், மாமியைப் போல இரத்த அழுத்தக் குளிசை போடுகிறவர் ஒருவர் கூட வந்தால் முக்கியமாக.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசா நிச்சயம் என்று பூசைக்கும் செபத்துக்கும் பெருந்தொகை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சைவத்திலும் உண்டு, சபைகளிலும் உண்டு. கொடுக்காதீர்கள். முறிகண்டிப் பிள்ளையார் எங்களிடம் கேட்பது ஒரு தேங்காய்.

நேர்த்தியை எழுதி வையுங்கள்

கடுதாசி வேலை முடிந்த பிறகு குடும்பமாக இருந்து கதையுங்கள். யார் என்ன நேர்த்தி வைக்கிறார்கள், எந்தக் கோயிலுக்கு, எப்போது தீர்ப்பது என்று. நாங்கள் ஒரு கொப்பியில் எழுதினோம். மாமி வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசி விசாகப் பொங்கலன்று ஒரு பானை என்றார். கணவர் முறிகண்டிக்கு இருபத்தொரு தேங்காய் என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டாயப்படுத்தவில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: மற்றவரின் உடம்பை வைத்து நேர்த்தி வைக்கக்கூடாது. “பேரன் காவடி எடுப்பான்”, “பேத்தி அங்கப்பிரதட்சணம் செய்வாள்” என்று பெரியவர்கள் பயத்தில் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்தப் பிள்ளை சுமக்க வேண்டும். அவரவர் நேர்த்தியை அவரவர் வைக்கட்டும்.

பையில் எது போகலாம், எது போகக்கூடாது

இதுதான் நான் அதிகம் சொல்ல வேண்டிய இடம். ஏனென்றால் எங்கள் ஆட்களின் பக்திச் சாமான்கள் பல விமான நிலையக் குப்பைத் தொட்டியில்தான் முடிகின்றன. அதைப் பார்க்கிற வயதானவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திண்மப் பொருள். கைப்பையிலும் வேண்டாம், பெரிய சூட்கேசிலும் வேண்டாம். தீப்பெட்டியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வேல் வடிவில் கூராக உள்ளது எதுவும் கைப்பையில் வேண்டாம். தீர்த்தம், மடுவிலிருந்து கொண்டுவந்த ஆசீர்வதித்த தண்ணீர், எண்ணெய் எல்லாம் கைப்பையில் என்றால் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தலில். இந்தியாவிலிருந்து திரும்பும்போது கோயிலில் தந்தது என்று கொப்பரைத் தேங்காயைப் பையில் வைக்காதீர்கள். அங்கு விமானத்தில் அதற்குத் தடை.

திருநீறு கொண்டுபோகலாம். கிலோக்கணக்கில் வேண்டாம். வெள்ளைத் தூள் நிறைய இருந்தால் எந்த அதிகாரியும் நிறுத்திக் கேட்பார். ஒரு சிறு டப்பாவில் ஒரு மாதத்துக்குப் போதுமானது, அதன் மேல் கோயில் பெயர் அச்சிட்ட கடதாசி. அது போதும்.

மடு மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாம்புக் கடிக்கு மருந்தென்று தலைமுறை தலைமுறையாக எங்கள் சனம், மதம் பாராமல், அந்த மண்ணை வீட்டில் வைத்திருக்கும். தங்கையின் மாமியார் வெளியூர் எங்கே போனாலும் சேலைத் தலைப்பில் ஒரு பிடி முடிந்துகொண்டு போகிறவர். ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், கனடா, அவுஸ்திரேலியா எதற்குள்ளும் மண் கொண்டுபோக விடமாட்டார்கள். பயிர் நோய் பரவும் என்ற காரணத்தால். எவ்வளவு புனிதமான மண்ணென்றாலும் அங்குள்ள சட்டத்துக்கு அது மண்தான். மறைத்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அவமானம் குடும்பம் முழுவதற்கும்.

பிரசாதமும் அப்படித்தான். ஐரோப்பாவுக்குப் பாலில் செய்த பலகாரம் கொண்டுபோகக்கூடாது. வெற்றிலை, மாவிலை, வில்வம், துளசி எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்த விதியிலிருந்து விலக்குள்ள பழங்கள் ஐந்தே ஐந்து: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன். பிள்ளையாருக்குப் படைக்க வாழைப்பழமும் தேங்காயும் அதில் இருப்பதைப் பார்த்து மாமி கையெடுத்துக் கும்பிட்டார். அவுஸ்திரேலியா போகிறவர்கள் உருத்திராக்கம், மரத்தில் செய்த செபமாலை போன்றவற்றை வருகை அட்டையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். சொன்னால் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள், சொல்லாவிட்டால்தான் தண்டம்.

அயலவர் யாராவது “பிரசாதம்தான், என்ரை மகனிட்டைக் குடுத்துவிடுங்கோ” என்று கட்டிய பொதி தந்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பக்தியின் பெயரால் வருகிற பொதியைத்தான் நாங்கள் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம்.

சரி, பிறகு என்னதான் கொண்டுபோவது? மனப்பாடமாகத் தெரிந்ததை. பயணம் தொடங்க மூன்று மாதம் முன்பே வீட்டில் ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரே தேவாரத்தைப் படிக்கத் தொடங்கினோம். நாங்கள் எடுத்தது கோளறு பதிகம். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்கு வெளிக்கிடும்போது, நாளும் கோளும் சரியில்லை, போகாதே என்று தடுத்த நாவுக்கரசருக்கு மறுமொழியாகச் சம்பந்தர் பாடியது என்பார்கள். திருமறைக்காடு எங்கள் கடலுக்கு எதிர்க்கரை. பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பதினொரு பாட்டும் வேண்டாம், முதல் இரண்டு பிள்ளைகளின் வாயில் நின்றால் போதும். தங்கை வீட்டில் செபமாலையின் ஒரு பத்து மட்டும். நீராவிப்பிட்டியிலுள்ள எங்கள் இஸ்லாமிய நண்பர், பயணிகளுக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்றார். அவர்களுக்கு அந்த வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

வீட்டு விளக்கு

மாமியிடம் உள்ளங்கையளவு வெண்கலப் பிள்ளையார் ஒன்று இருக்கிறார். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது சட்டி பானை கூட இல்லாமல் அவரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். முகாமிலும் கூட இருந்தவர். “அவரை விட்டிட்டு நான் எங்கை போவன் பிள்ளை?” என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. ஒரு பைக்குள் எதை வைப்பது என்ற கேள்வி எங்கள் சனத்துக்குச் சாதாரண கேள்வி இல்லை. அதை அவசரப்படுத்தாதீர்கள்.

கொண்டுபோயிருக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் மாமியே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அன்று ஓடினோம், இன்று திரும்பி வரத்தானே போகிறோம் என்று. பிள்ளையாரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு விளக்கு வைத்தார். ஜெர்மனியில் அப்போது பிற்பகல் மூன்று மணி. வட்ஸ்அப்பில் மாமி அந்த விளக்கைப் பார்ப்பார். வீட்டில் விளக்கு எரிகிறது என்று தெரிந்தால் வயதானவர்களின் மனம் அமைதியாக இருக்கும். ஆகவே ஆளைப் பார்த்து, எண்ணெய்க்கும் திரிக்கும் காசைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெளிக்கிடும் நாள்

விமானம் ராகுகாலத்தில் புறப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். வீட்டுப்படியைத் தாண்டும் நேரத்தை நல்ல நேரமாக வையுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வாகனத்தில் ஆறு, ஏழு மணித்தியாலம் எடுக்கும். அதற்கு மேல் மூன்று மணித்தியாலம் முன்கூட்டி நிற்க வேண்டும். ஆகவே படி தாண்ட நல்ல நேரம் எப்படியும் கிடைக்கும். நல்ல நேரத்துக்காகப் பிந்தி வெளிக்கிடாதீர்கள், முந்தி வெளிக்கிடுங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தால் சென்னைக்குப் போகிறவர்களுக்கு முறிகண்டி எதிர்த்திசை. நாங்கள் முதல் நாள் பின்னேரமே போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

விமானத்தில்

சாப்பாட்டைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பதிவு செய்யுங்கள். மரக்கறி வேண்டுமென்றால் ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்று கேட்க வேண்டும். ‘ஹிந்து மீல்’ என்று இருப்பதைப் பார்த்து அதைப் போட்டுவிடாதீர்கள். அதில் மாட்டிறைச்சிதான் இருக்காது, கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ வரும். மாமி விரதத்தோடு ஏறி, மூடியைத் திறந்து பார்த்து, அப்படியே மூடி வைத்தார். பிழை என்னுடையது. கையில் இருந்த கச்சானும் வாழைப்பழமும் அன்று காப்பாற்றின.

இடையில் மாற வேண்டிய விமானத்தை ஜெர்மனிப் பயணத்தில் தவறவிட்டோம். முதல் விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்தியது. இரவு, தெரியாத ஊர், பதினொரு மணித்தியாலக் காத்திருப்பு. இப்படி நடந்தால் செய்ய வேண்டியது இது: ஒருவர் எல்லாக் கடவுச்சீட்டையும் ஏறும் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு விமானம் மாறுவோருக்கான கருமபீடத்துக்கு உடனே போக வேண்டும். பின்னால் வருகிற விமானத்தில் இடம் முன்னால் நிற்பவருக்குத்தான். மற்றவர்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அசையக்கூடாது. சாப்பாடு, தங்குமிடம் தருவார்களா என்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். என் கணவர் வரிசைக்கு ஓடினார். நாங்கள் ஒரு தூணடியில் இருந்தோம்.

அப்போதுதான் மூன்று மாதப் பழக்கம் வேலை செய்தது. மாமி முணுமுணுத்த குரலில் பதிகத்தைத் தொடங்க, மகன் சேர்ந்தான். மகள் “அப்பம்மா, இஞ்சை சத்தமாப் படிக்காதேங்கோ” என்றாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் திருநீற்றோடு விமான நிலையத்தில் நடக்க அவளுக்குக் கூச்சம், அந்த வயது அப்படி. கொஞ்ச நேரத்தில் மகன் கேட்டான், “நாங்கள் இஞ்சை நிக்கிறது பிள்ளையாருக்குத் தெரியுமா?” மாமி சொன்னார், “தெரியாமலே? முறிகண்டியிலை சொல்லிட்டுத்தானே வந்தனாங்கள்.” இரண்டாவது முறை படிக்கும்போது மகளின் உதடும் அசைந்தது.

பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் எல்லா மதத்தவருக்கும் பொதுவான தியான அறை இருக்கும். அங்கே காலணியைக் கழற்றி, குரலெழுப்பாமல் இருக்கலாம். எதையும் கொளுத்தக்கூடாது.

இந்தியா போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்கள் மதியம் பன்னிரண்டரை போலப் பூட்டிப் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஒரு நாளில் ஐந்து கோயில் என்று திட்டம் போடாதீர்கள், இரண்டு போதும். தமிழ் பேசுகிறோம் என்றாலும் கடவுச்சீட்டுப்படி நாங்கள் வெளிநாட்டவர். விடுதிக்காரர் எங்கள் விவரத்தை அரசாங்கத்துக்குப் பதிய வேண்டும். அந்த வசதியில்லாத சின்ன லொட்ஜ்கள் இடம் தராது. முன்பே தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். வேளாங்கண்ணிக்கு மட்டும் போகிறவர்களுக்குக் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி 12 கிலோமீற்றர்தான். ஆனால் கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் சேவை நின்றுவிடும். ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம், கைக்குழந்தையோடு போகிறவர்கள் யோசியுங்கள்.

யாரும் முன்கூட்டி யோசிக்காத ஒன்று துடக்கு, அதாவது உறவில் ஒரு சாவு விழுந்தால் கோயிலுக்குள் போகக்கூடாத தீட்டு. நாங்கள் சிதம்பரம் போய்ச் சேர்ந்த அன்று காலை, என் கணவருடைய சித்தப்பா ஊரில் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. குடும்பக் குழுவில் வந்ததால் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். மாமிக்கு அவர் கொழுந்தன். நாற்பது வருடமாக எண்ணியிருந்த சிதம்பரம், கோயில் வாசலுக்கு நூறு யார் தூரத்தில். உள்ளே போவோமா என்று நான் கேட்டேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னேன். மாமி என்னைப் பார்த்தார். “ஆருக்குத் தெரியவேணுமோ அவருக்குத் தெரியும் பிள்ளை.” கீழ வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டோம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். மாமி அழுதது சித்தப்பாவுக்கா சிதம்பரத்துக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் கேட்டதற்கு வெட்கப்பட்டேன்.

மீதி நாட்களில் கோயில் இல்லாத இடங்களுக்குப் போனோம். துடக்கு இல்லாத தங்கை குடும்பம் வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் போய் எங்களுக்காகவும் மெழுகுதிரி ஏற்றியது. நாங்கள் கடற்கரை மணலில் இருந்தோம். ஆகவே முன்னேற்பாடு இரண்டு. ஊரில் உள்ளவர்களிடம், எந்தச் செய்தியானாலும் ஒரு பெரியவரின் தொலைபேசிக்கு மட்டும் அழைத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். துடக்கு வந்தால் என்ன செய்வோம் என்று போகும் முன்பே வீட்டுப் பெரியவரோடு கதைத்து வையுங்கள்.

ஐரோப்பாவில்

ஜூன் மாதத்தில் ஜெர்மனியில் இரவு ஒன்பது மணி கடந்தும் வெளிச்சம். பொழுதுபட விளக்கு வைப்போம் என்று இருந்தால் பிள்ளைகள் நித்திரை. நாங்கள் படுக்கும் நேரத்தை விளக்கு நேரமாக்கினோம். விளக்கு என்றாலும் பற்றரி விளக்குத்தான். அடுக்குமாடி வீடுகளின் கூரையில் புகை உணரும் கருவி இருக்கும், சாம்பிராணி போட்டால் கட்டடம் முழுக்க அலறும். அண்ணா வீட்டில் கேட்டுவிட்டுத்தான் ஊதுபத்தி கூடக் கொளுத்தினோம்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் குடமுழுக்குக் கண்டது. தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் எழுந்து நிற்பதைப் பார்த்தபோது மாமிக்குப் பேச்சு வரவில்லை. கத்தோலிக்கர்களுக்குக் கேவலார் மாதா திருத்தலம், அங்கே ஓகஸ்டில் தமிழர்கள் கூடும் யாத்திரை உண்டு. சைவக்காரரும் போவார்கள், மடுவுக்குப் போவது போலத்தான். வார நாட்களில் கோயில் பூட்டியிருக்கலாம், நேரம் கேட்டுப் போங்கள். உதவி ஏதாவது தேவையென்றால் அன்னதான மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் ஊரைச் சொல்லிக் கதையுங்கள். மாமியின் குளிசை முடிந்தபோது எந்த வைத்தியரிடம் போகலாம் என்று சொன்னது அங்கே சந்தித்த, கிளிநொச்சிப் பக்கத்துத் தருமபுரத்துக்காரர் ஒருவர்.

திரும்பி வந்த பிறகு

வந்த களைப்பில் நேர்த்தி பின்னுக்குப் போய்விடும். கொப்பியை எடுங்கள். நாங்கள் கட்டுநாயக்கவிலிருந்து நேரே வந்து, விடியப்புறம் முறிகண்டியில் வாகனத்தை நிறுத்தினோம். இருபத்தொரு தேங்காயையும் இவர் ஒவ்வொன்றாக உடைத்தார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு இன்னும் பல மாதம் இருந்தது, அதற்கு நேராக மாமி பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். மகள் கடைசித் தேங்காயைத் தான் உடைக்கிறேன் என்று கேட்டு வாங்கினாள். முதல் அடியில் உடையவில்லை, இரண்டாவதில் உடைந்தது. பிறகு கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம்.